பிஎச் 8 காட்டிய அமிலம்

மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவர்கள் இருபத்தெட்டுப் பேர். கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் அன்று உயிரோடு இருந்த சிஸ்டம் பதினான்கு. இருவருக்கு ஒன்று என உட்காரவைத்து, பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதச் சொல்லியிருந்தேன். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் செறிவை 0.1 மோலாரில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு செறிவுக்கும் பிஎச் எவ்வளவு என்று கணினி சொல்ல வேண்டும். செறிவுக்கு லாக் எடுத்து, முன்னால் ஒரு கழித்தல் குறி போடும் பிளஸ் டூ சூத்திரம்தான். மொத்தம் ஐந்து வரி.

பத்து நிமிடத்தில் எல்லாத் திரையிலும் விடை வந்துவிட்டது. 1, 2, 3 என்று ஆரம்பித்து 10 வரை ஒழுங்காக இறங்கிய ஒரு பட்டியல். பிழைச் செய்தி எதுவும் இல்லை, சிவப்பு எழுத்து எதுவும் இல்லை. பிள்ளைகள் உற்சாகமாக அதை ரெக்கார்டு நோட்டில் எழுத ஆரம்பித்தார்கள். ஒரு மாணவி மட்டும் பேனாவை மூடிவைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, முடிச்சாச்சா?"

"முடிஞ்சுது சார். ஆனா எட்டாவது வரியில பிஎச் எட்டுன்னு வருது. அமிலத்துல தண்ணி ஊத்திக்கிட்டே போனா அது காரமா மாறிடுமா சார்?"

எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன.

மாறாது. தூய நீரிலேயே கொஞ்சம் ஹைட்ரஜன் அயனி இருக்கிறது: 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 10⁻⁷ மோல். அமிலம் போதிய செறிவோடு இருக்கும்வரை இந்த அளவு கண்ணில் படாது. கல்யாணப் பந்தியில் அழைக்காத ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் யாருக்குத் தெரியும்? ஆனால் அமிலம் 10⁻⁸ மோலாருக்கு இறங்கும்போது பந்தியில் இருப்பவர்களில் முக்கால்வாசிக்கு மேல் அழைக்காதவர்கள்தான். நீர் தரும் அயனி, அமிலம் தருவதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. இதைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்றால் ஓர் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும்: செறிவின் வர்க்கத்தோடு 4 × 10⁻¹⁴ஐக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதோடு செறிவைக் கூட்டி, இரண்டால் வகுத்தால் ஹைட்ரஜன் அயனியின் உண்மையான செறிவு கிடைக்கும். 10⁻⁸ மோலார் அமிலத்துக்கு பிஎச் 6.98. ஏழுக்கு ஒரு மயிரிழை கீழே. நிரலில் ஒரே ஒரு வரியைத்தான் மாற்றினோம். பட்டியல் ஏழை நெருங்கி, அதைத் தாண்டாமல் நின்றது.

அன்று பைத்தான் எந்தத் தப்பும் செய்யவில்லை. மாணவர்கள் எழுதிய ஐந்து வரியிலும் இலக்கணப் பிழை கிடையாது. கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. இல்லாமல் போனது வேதியியல். பக்கத்து அறையில் மூன்று வருடமாக அந்த அமிலத்தை பிப்பெட்டில் உறிஞ்சி எடுத்தவர்கள், ஒரு குடுவையைத் திறந்ததும் மூக்கைச் சுளித்து இது அம்மோனியா என்று சொல்லிவிடுகிறவர்கள், திரை முன்னால் உட்கார்ந்ததும் மூக்கைக் கழற்றி வைத்துவிட்டார்கள். நிரலாக்கம் கற்றுக்கொடுக்கும் ஆசிரியருக்கு முதல் வேலை அந்த மூக்கைத் திரும்ப மாட்டிவிடுவதுதான் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

வேதியியல் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர் கேட்கிறார்கள். சில பேராசிரியர்களும் கேட்கிறார்கள். மூலக்கூறுகளின் நடத்தையை ஆளும் அடிப்படை விதிகள் தெரிந்துவிட்டன, அவற்றிலிருந்து வரும் சமன்பாடுகளைத் தீர்க்கத்தான் முடியவில்லை என்ற பொருளில் இயற்பியலாளர் டிராக் 1929லேயே எழுதிவிட்டார். அதற்குப் பிறகு வந்த கணக்கீட்டு வேதியியல், அந்த 'தீர்க்க முடியாத'தைத் தோராயமாகவாவது தீர்த்துவிடப் போராடிய கதை. மார்கரெட் டேஹாஃப் 1948இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற வேதியியலாளர். அட்டையில் ஓட்டை போட்டு இயக்கும் எந்திரங்களைக் கொண்டு கரிம மூலக்கூறுகளின் உடனிசைவு ஆற்றலைக் கணக்கிட்டவர். பின்னாளில் புரத வரிசைகளை முதன்முதலாகத் தொகுத்து நூலாக்கியவர்களில் ஒருவர். அமினோ அமிலங்களுக்கு இன்று நாம் பயன்படுத்தும் ஓரெழுத்துக் குறியீடு அவர் தந்தது. ஜான் பாப்பிளும் அவருடைய குழுவினரும் 1970இல் காஸியன் என்ற நிரலை வெளியிட்டார்கள். 1998இல் பாப்பிளுக்கு நோபல் பரிசு கிடைத்தது, வேதியியலுக்காக. 2013இலும் 2024இலும் வேதியியல் நோபல் கணினியில் வேலை செய்தவர்களுக்கே போனது. பெற்றோருக்குச் சொல்ல இந்தப் பட்டியல் போதும்.

மாணவர்களுக்கு நான் சொல்வது வேறு கதை. அது கிண்டியில் நடந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும், அவருடன் இருந்த ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். புரதச் சங்கிலியில் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் இருபுறமும் சுழலக்கூடிய இரண்டு பிணைப்புகள் உண்டு. அந்த இரண்டு கோணங்களுக்கும் ஃபை, சை என்று பெயர். இரண்டையும் இஷ்டப்படி திருப்பினால் பல நிலைகளில் ஓர் அணு இன்னோர் அணுவின் மேல் போய் இடிக்கும். இடிக்காத நிலைகள் எவை? ஃபையை ஒரு மதிப்பில் நிறுத்து. சையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு. ஒவ்வொரு நிலையிலும் அணுக்களுக்கு இடையிலான தூரங்களைக் கணக்கிடு. எந்த இரண்டு அணுக்களாவது அனுமதித்த தூரத்தைவிட நெருங்கினால் அந்த நிலையை அடித்துவிடு. பிறகு ஃபையைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி முதலிலிருந்து. பத்து டிகிரிக்கு ஒருமுறை நிறுத்திப் பார்த்தாலே 36 பெருக்கல் 36, மொத்தம் 1,296 நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் பல ஜோடி அணுக்கள். இதையெல்லாம் மேசைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு செய்தார்கள். 1963இல் வெளிவந்த அந்தக் கட்டுரையிலிருந்துதான் ராமச்சந்திரன் வரைபடம் பிறந்தது. இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் கட்டமைப்பைத் தீர்த்தாலும், அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்ப்பது வழக்கம்.

மேலே உள்ள பத்தியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். நான் சொன்னது ஒரு நிரல். ஒரு லூப், அதற்குள் இன்னொரு லூப், அதற்குள் ஒரு நிபந்தனை. எம்.எஸ்சி. மாணவர் ஒருவர் இதை ஒரே நாள் மதியத்தில் பைத்தானில் எழுதிவிடலாம். கணினி அதைச் சில நொடியில் ஓட்டிவிடும். ஆனால் 'அனுமதித்த தூரம்' என்று ஒன்றைச் சொன்னேன் இல்லையா, கார்பனும் ஆக்சிஜனும் எவ்வளவு நெருங்கலாம், இரண்டு ஹைட்ரஜன் எவ்வளவு நெருங்கலாம் என்ற அந்த எண்களை எந்தக் கணினியும் தராது. படிக அமைப்புகளைப் பார்த்துப் பார்த்துத் திரட்டிய எண்கள் அவை. கிண்டிக்காரர்களிடம் கணினி இல்லை. அந்த எண்கள் இருந்தன.

நம் கல்லூரிகளில் இந்தப் பாடம் நடந்த விதத்தை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. நான் எம்.எஸ்சி. படித்தபோது வேதியியலில் கணினி என்று ஒரு தாள் இருந்தது. ஃபோர்ட்ரான் மொழி. புத்தகத்தில் இருக்கும் நிரலை மனப்பாடம் செய்து விடைத்தாளில் பேனாவால் எழுதுவோம். அந்த வருடம் முழுக்க எங்கள் கை ஒரு விசைப்பலகையைத் தொடவில்லை. காற்புள்ளி விட்டுப்போனால் அரை மார்க் குறையும். டைட்ரேஷனைத் தியரித் தேர்வாக மட்டும் நடத்தி, ப்யூரெட்டைக் கண்ணால்கூடக் காட்டாமல் பட்டம் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்தார்கள்.

பிறகு கணினிகள் வந்தன. கூடவே வேறொரு வினை வந்தது. பாடத்தைக் கணினித் துறையிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் நடத்தினார்கள்: பகா எண்களைக் கண்டுபிடி, ஒரு சொல்லைத் திருப்பிப் போடு, பத்து எண்களை ஏறுவரிசையில் அடுக்கு. அவர்கள்மீது குற்றமில்லை, அவர்கள் பாடம் அது. ஆனால் வேதியியல் படிக்கிற பிள்ளைக்கு 97 பகா எண்ணா என்பதில் என்ன அக்கறை? விடை தப்பாக வந்தால் அவனுக்கு உறுத்தாது. கந்தக அமிலத்தின் மூலக்கூறு நிறை 98க்குப் பதில் 50 என்று வந்தால் உறுத்தும். அந்த உறுத்தல்தான் ஆசிரியருக்குக் கிடைக்கும் முதலீடு. ஆகவே என் தீர்ப்பு இதுதான்: இந்தப் பாடத்தை வேதியியல் ஆசிரியரே நடத்த வேண்டும், வேதியியல் ஆய்வகத்துக்குப் பக்கத்திலேயே நடத்த வேண்டும், அவருக்கு நிரலாக்கம் அரைகுறையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

வேதியியல் மாணவர்கள் வெறும் கையோடு வருவதில்லை. ஒரு டைட்ரேஷனைக் கூர்ந்து பாருங்கள். ப்யூரெட்டிலிருந்து ஒரு சொட்டு விடு, குடுவையைக் குலுக்கு, இளஞ்சிவப்பு நிற்கிறதா பார், நிற்காவிட்டால் மறுபடி ஒரு சொட்டு. நிரல்மொழியில் இதற்கு 'வைல்' லூப் என்று பெயர். நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு ரீடிங் ஒத்துவந்தால் நிறுத்து, இல்லாவிட்டால் மூன்றாவது எடு: இது 'இஃப்'. கரைசல் மாறினாலும் செய்முறை மாறாது என்பதால் அதைத் தனியே எழுதிவைத்து, அமிலத்தின் பெயரை மட்டும் மாற்றிக் கூப்பிடுவது 'ஃபங்ஷன்'. முதல் வகுப்பில் கணினியைத் திறக்காமல், டைட்ரேஷன் செய்முறையை ஒரு முட்டாள் வேலைக்காரனுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு அடியாக எழுதச் சொல்வேன். ஒருவன் எழுதியதில் குடுவையைக் குலுக்கும் வரியே இல்லை. அவன் எழுதியபடியே குலுக்காமல் செய்து காட்டினேன். அடுத்த வகுப்புகளில் அவன் ஒரு வரியையும் விட்டதில்லை.

அவர்கள் கொண்டுவரும் சில பழக்கங்கள் தடையாகவும் இருக்கும். சமக்குறி அவற்றில் ஒன்று. 'தொகை = தொகை + 1' என்று கரும்பலகையில் எழுதியதும் முகங்கள் சுருங்கும். சமன்பாடு சமன்படவில்லையே என்ற கவலை. சமன்செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் அல்லவா! அதை வலமிருந்து இடம் போகும் அம்புக்குறியாகப் படியுங்கள் என்பேன். வலப்பக்கம் இருப்பது வினைபடுபொருள், இடப்பக்கம் இருப்பது வினைவிளைபொருள். பழைய தொகையோடு ஒன்று சேர்ந்து புதிய தொகை உருவாகிறது. ஒரு நிமிடத்தில் கவலை தீரும்.

லாக் இன்னொரு பொறி. பள்ளியில் லாக் என்றால் பத்தடிமான லாக், லாக் டேபிளில் பார்த்த அதே லாக். பைத்தானின் கணிதத் தொகுப்பில் வெறுமனே லாக் என்று எழுதினால் அது இயல் மடக்கை. 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு பிஎச் கேட்டால் 2க்குப் பதில் 4.605 என்று சொல்லும், முகம் மாறாமல். பத்தடிமானம் வேண்டுமானால் லாக்10 என்று கேட்க வேண்டும். நான் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை. வகுப்பில் பாதிப் பேர் 4.605ஐ எழுதி முடிக்கட்டும் என்று காத்திருப்பேன்.

தசமப் புள்ளிக்குப் பின்னால் நீளும் வாலும் இதே சாதி. பிப்பெட்டில் 20 மில்லி, 0.1 நார்மல் கரைசல், ப்யூரெட் ரீடிங் 20.3. நார்மாலிட்டி எவ்வளவு என்று கேட்டால் கணினி 0.09852216748768473 என்று தரும். ப்யூரெட்டில் 0.1 மில்லிக்கு ஒரு கோடு. அதைக் குனிந்து, கண்ணை நேராக வைத்துப் படித்தவருக்கே 20.3ஆ 20.35ஆ என்று சந்தேகம். கணினிக்கு மட்டும் பதினேழாவது தசம இடம்வரை சந்தேகம் இல்லை! 0.0985 என்று எழுதினால் போதும். மீதியை எழுதுகிறவருக்கு நான் மார்க் குறைக்கிறேன்.

வினைவேகத்துக்கு வருவோம். ஒரு பொருள் நிமிடத்துக்கு 0.5 என்ற வேகமாறிலியோடு சிதைகிறது. காலத்தைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு குறைகிறது என்று கழித்துக்கொண்டே போவது ஆய்லர் முறை. தொகையீட்டுக் கணிதம் வராதவர்களுக்கும் புரியும். துண்டு சின்னதாக இருந்தால் வளைகோடு அழகாக விழும். அவசரக்காரர் ஒருவர் துண்டை மூன்று நிமிடமாக வைத்தார். தொடக்கத்தில் 1 மோலார். மூன்று நிமிடத்தில் குறைய வேண்டியது 1.5. மிச்சம் கழித்தல் 0.5 மோலார். இல்லாத பொருளுக்கும் கீழே இன்னும் அரை மோல் இல்லை! வகுப்பே சிரித்தது. உண்மையில் அங்கே இருக்க வேண்டியது 0.22 மோலார். எண்முறைக் கணிதத்தில் நிலைப்புத்தன்மை என்று ஒரு முழு அத்தியாயம் உண்டு. அதன் சாரம் அந்தச் சிரிப்பிலேயே பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

முதல் நிரலுக்கு எனக்குப் பிடித்த பயிற்சி வேறு. வேதிப்பொருள் பாட்டிலின் லேபிளில் சிஏஎஸ் எண் என்று ஒன்று இருக்கும். அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஒரு பிரிவு ஒவ்வொரு பொருளுக்கும் கொடுக்கும் அடையாள எண்; நமக்கு ஆதார் போல. நீருக்கு 7732-18-5. கடைசி இலக்கமான 5 சும்மா வந்ததில்லை, அது காவல்காரன். அதை விட்டுவிட்டு மற்ற இலக்கங்களை வலமிருந்து இடமாக எடுத்து, முதலாவதை 1ஆல், அடுத்ததை 2ஆல், அதற்கடுத்ததை 3ஆல் என்று பெருக்கிக் கூட்ட வேண்டும். 8, 2, 6, 12, 35, 42. கூட்டினால் 105. அதன் ஒன்றாம் இலக்கம் 5. சரி. தட்டச்சு செய்யும்போது ஓர் இலக்கம் மாறினால் பெரும்பாலும் இந்தக் காவலன் பிடித்துவிடுவான். லூப், பெருக்கல், மீதி காண்பது எல்லாம் ஒரே பயிற்சியில் வந்துவிடுகிறது. பாட்டிலும் கையிலேயே இருக்கிறது.

இதே எண்களை எக்செல்லில் இட்டால் ஒரு வேடிக்கை காணலாம். பல்லேடியத்தின் எண் 7440-05-3. எக்செல் அதைப் பார்த்து, ஆஹா, தேதி என்று முடிவுகட்டி 7440ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாளாக மாற்றிவிடக்கூடும். பிளாட்டினம் 7440-06-4, அது ஜூன் 4. தங்கம் 7440-57-5, ஐம்பத்தேழாவது மாதம் இல்லாததால் தங்கம் பிழைத்தது. மரபணு ஆய்வாளர்களுக்கு இதே தொல்லை இன்னும் மோசமாக வந்தது. செப்டம்பர், மார்ச் போலத் தோன்றிய மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே அதிகாரபூர்வமாக மாற்றிவிட்டார்கள். மென்பொருளைத் திருத்துவதைவிட உயிரியலைத் திருத்துவது சுலபமாகப் போயிற்று.

சிரித்துவிட்டுப் போக முடியாத சம்பவம் ஒன்றும் உண்டு. அதை நான் ஒவ்வோர் ஆண்டும் ஒரு முழு வகுப்புக்குச் சொல்கிறேன்.

ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்குழு, நீலப்பச்சைப் பாக்டீரியா ஒன்றிலிருந்து புதிய சேர்மங்களைப் பிரித்தெடுத்தது. அவற்றின் முப்பரிமாண அமைப்பை உறுதிசெய்ய வேண்டும். இதற்கு ஒரு நல்ல வழி: என்எம்ஆர் கருவியில் அளந்த எண்களை, கணினியில் கணக்கிட்ட எண்களோடு ஒப்பிடுவது. ஒரு மூலக்கூறு ஒரே நிலையில் நிற்பதில்லை; முறுக்கியும் மடக்கியும் பல நிலைகளில் இருக்கும். ஒவ்வொரு நிலைக்கும் ஓர் ஆற்றல், ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தொகுதி என்எம்ஆர் எண்கள். ஆற்றல் குறைந்த நிலைக்கு அதிக எடை, கூடியதற்குக் குறைந்த எடை. போல்ட்ஸ்மன் கற்றுக்கொடுத்தபடி எடைபோட்டுச் சராசரி எடுத்தால் விடை. இந்தச் சராசரி வேலையைச் செய்ய மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2014இல் ஒரு நல்ல செய்முறைக் கட்டுரையும் அதோடு பைத்தான் நிரல்களும் வெளியிட்டிருந்தார்கள். பலரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். ஹவாய்க்காரர்களும் பயன்படுத்தினார்கள்.

விடை ஒத்துவரவில்லை. இன்னொரு கணினியில் ஓட்டினார்கள், வேறு விடை. ஒரே நிரல், ஒரே கோப்புகள். மேக் இயங்குதளத்தின் ஒரு பதிப்பிலும் விண்டோஸ் 10இலும் ஒரு விடை. மேக்கின் வேறொரு பதிப்பிலும் உபுண்டு லினக்ஸிலும் வேறு வேறு விடைகள். வித்தியாசம் சிறியதுதான். ஆனால் கார்பன் என்எம்ஆரில் ஒரு மூலக்கூறின் இரண்டு சாத்தியமான வடிவங்களில் எது சரி என்று தீர்மானிக்கும் இடத்தில் அந்தச் சிறிய வித்தியாசமே போதும்.

குழப்பத்தின் வேர் எங்கே இருந்தது தெரியுமா? கோப்புகளின் வரிசையில். ஆற்றல் உள்ள கோப்புகள் ஒரு பட்டியல், என்எம்ஆர் எண்கள் உள்ள கோப்புகள் இன்னொரு பட்டியல். முதல் பட்டியலின் மூன்றாவது கோப்பும் இரண்டாம் பட்டியலின் மூன்றாவது கோப்பும் ஒரே நிலையைக் குறிக்கும் என்று நிரல் நம்பியது. கோப்புகளைத் திரட்டித் தரும் பைத்தானின் 'குளோப்' என்ற கருவியோ அவற்றை எந்த வரிசையில் தரும் என்று உறுதி எதுவும் கொடுக்கவில்லை. அதன் கையேடே அப்படித்தான் சொல்கிறது. சில இயங்குதளங்களில் அகரவரிசையில் வந்தது, சிலவற்றில் வரவில்லை. நமக்குப் பழக்கமான உதாரணம் சொன்னால், அக மதிப்பெண் பட்டியல் பதிவு எண் வரிசையில் இருக்கிறது, தேர்வு மதிப்பெண் பட்டியல் பெயர் வரிசையில் இருக்கிறது. யாரோ இரண்டையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கூட்டிவிட்டார்கள். எல்லோருக்கும் மொத்தம் வரும். எல்லா மொத்தமும் நம்பும்படியாகவே இருக்கும். இன்னொருவனுடைய மதிப்பெண்ணால் ஒருவன் பாஸாவான்.

பட்டியலை வரிசைப்படுத்து என்ற கட்டளையைச் சேர்த்ததும் தீர்ந்தது. ஹவாய்க் குழு இதை 2019 அக்டோபரில் கட்டுரையாக வெளியிட்டது. அதற்குள் அந்த நிரல் ஐந்து ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது. அதைப் பயன்படுத்தியிருக்கக்கூடிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுக்கட்டுரைகளின் முடிவுகளைத் திரும்பச் சரிபார்க்க வேண்டிய நிலை வந்தது. எல்லாம் தப்பு என்று அர்த்தமில்லை. எது சரி, எது தப்பு என்று ஓட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது என்பதுதான் சங்கடம்.

இந்தக் கதையில் யாரையும் திட்ட இடமில்லை என்று மாணவர்களிடம் சொல்வேன். நிரலை எழுதியவர்கள் அதை மூடிவைக்காமல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். அதனால்தான் பிழை அகப்பட்டது. என் கேள்வி, அதை வாங்கி ஓட்டிய மற்றவர்களைப் பற்றியது. அவர்களில் எத்தனை பேர் திறந்து படித்திருப்பார்கள்? படித்தால் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவர்களுக்கு யாராவது கற்றுக்கொடுத்திருந்தார்களா? வாங்கிய அமிலத்தை அப்படியே நம்பாமல் ஸ்டாண்டர்டைஸ் செய்துதான் பயன்படுத்த வேண்டும் என்று முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். வாங்கிய நிரலுக்கு அப்படி ஒரு சடங்கு இல்லை. விடை முன்பே தெரிந்த ஒரு மூலக்கூறை முதலில் கொடுத்துப் பார்ப்பது, இரண்டு கணினியில் ஓட்டிப் பார்ப்பது, ஒரு கணக்கையாவது கையால் போட்டுப் பார்ப்பது: என் வகுப்பில் இந்த மூன்றும் ரெக்கார்டில் இருந்தால்தான் கையெழுத்து.

இப்போது ஏஐயிடம் கேட்டால் அதுவே நிரல் எழுதித் தருகிறதே என்று போன வருடம் ஒரு மாணவன் கேட்டான். தருகிறது, நன்றாகவே தருகிறது. நானும் கேட்டு வாங்குகிறேன். இலக்கணத்தை மனப்பாடம் செய்யும் காலம் போய்விட்டது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் ஐந்து வரியை எழுதியது யாராக இருந்தாலும் எட்டாவது வரியில் பிஎச் 8 என்று வந்தால் பேனாவை மூடிவைக்க ஓர் ஆள் வேண்டும். நிரல் எழுதும் வேலை குறையக் குறைய, வாசிக்கும் வேலை கூடிக்கொண்டுதான் போகிறது.

செலவு பெரிய தடை இல்லை. பைத்தான் இலவசம். மூலக்கூறுகளை எழுத்துச் சரமாகக் கொடுத்தால் படம் வரைந்து, மூலக்கூறு நிறை சொல்லும் ஆர்டிகிட்டும் இலவசம். எத்தனாலுக்கு அதில் சி, சி, ஓ என்ற மூன்று எழுத்துப் போதும், ஹைட்ரஜன்களை அதுவே நிரப்பிக்கொள்ளும். சிஸ்டம் இல்லாத கல்லூரியில் கைபேசியின் பிரவுசரிலேயே ஓட்டலாம்; எழுதச் சிரமம், ஓட்டச் சிரமமில்லை. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழிலேயே பயிற்சிக் காணொளிகள் கிடைக்கின்றன. ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இதற்கெனத் தனித்தாள் வரும்வரை காத்திருக்காதீர்கள். இப்போது நடக்கும் பத்து ஆய்வகச் சோதனைகளில் மூன்றின் கணக்கை மட்டும் கால்குலேட்டருக்குப் பதில் நிரலில் போடச் சொல்லுங்கள். பீர்-லாம்பர்ட் விதிக்கு நேர்கோடு பொருத்துவதில் ஆரம்பிக்கலாம். உங்களுக்குத் தெரியாததை மாணவர்கள் கண்டுபிடித்துச் சொல்லும் நாள் வரும், வரட்டும்.

இதைப் படிக்கும் மாணவருக்கு ஒரு வேலை. எத்தனாலின் சிஏஎஸ் எண் 64-17-5. முதலில் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூட்டுத்தொகை 45 வர வேண்டும். வந்த பிறகு அதையே நிரலாக எழுதுங்கள். பிறகு 17ஐ 71 என்று மாற்றிக் கொடுத்து, உங்கள் நிரல் ஏமாறுகிறதா பாருங்கள்.